பெட்டியைக் காலி செய்யுமுன் பிள்ளையைக் கேளுங்கள்



உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஓரளவு ஊகித்துச் சொல்லிவிடுவேன். கல்யாணத்தில் வந்து இன்னும் பிரிக்கப்படாத பீங்கான் தட்டுகள் இருக்கும். கால் உடைந்த முக்காலி ஒன்று இருக்கும். அதற்கும் பின்னால், ஒரு காலத்தில் பிள்ளைகள் சோறு தண்ணீர் மறந்து விளையாடிய சாமான்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். பிள்ளை வளர்ந்துவிட்டான். பெட்டி மட்டும் வளராமல் அங்கேயே இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இது என்ன பெரிய பிரச்சினை, தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தூக்கிப் போட்டவனும் நானே. அதனால்தான் எழுதுகிறேன்.

கேலாங் வீட்டில் நான்கு பெட்டிகள்

நான் ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியன். என் தங்கை சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். கேலாங்கில் அடுக்குமாடி வீடு. கேலாங்கை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கேலாங் சாலைக்கு ஒரு பக்கம் ஒற்றைப்படை லோரோங்குகள், மறு பக்கம் இரட்டைப்படை லோரோங்குகள். டுரியான் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பேர்போன இடம். சற்றுத் தள்ளி கேலாங் செராய் சந்தை. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில் 1993 முதல் கேலாங் ஈஸ்ட்டில்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறைக்குப் போனால் அந்தக் கோயிலுக்குப் போகாமல் நான் திரும்புவதில்லை.

சென்ற முறை போயிருந்தபோது தங்கையின் மாமியார் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர்களோடு தங்க வருவதாக இருந்தது. வீட்டில் ஓர் அறை காலியாக வேண்டும். அந்த அறையில் என் மருமகனின் பெட்டிகள் நான்கு இருந்தன. அவன் தேசிய சேவையில் இருக்கிறான். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான்.

"அண்ணே, இதையெல்லாம் அவன் தொட்டே மூணு வருஷம் ஆச்சு. பாருங்க, அட்டையில எல்லாம் பேய்ப் படம், பூதப் படம். அத்தை வர்ற நேரத்துல இது எதுக்கு?" என்றாள் தங்கை.

"அவனுக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுட்டியாம்மா?"

"கேட்டா எதையும் போட விடமாட்டான்."

இந்தப் பதில் எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது. எண்ணிப் பாருங்கள், எத்தனை வீடுகளில் இதே பதிலை நாம் சொல்லியிருக்கிறோம்!

அது என்ன விளையாட்டு?

பெட்டியில் இருந்தவை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒருவகைக் கதை விளையாட்டின் சாமான்கள். இதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்ற நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் எந்தப் பூட்டையும் திறக்கும் திருடன். "பாழடைந்த கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். "சுவரேறிப் பார்க்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தானா என்பதைப் பகடை சொல்லும். மேடையில்லாத கூத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவ்வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளியானது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்தான். மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்துப் பத்து டாலருக்கு விற்றார்கள். பெட்டிகளைக் கைகாக்ஸின் வீட்டிலேயே கையால் அடுக்கினார்களாம். ஓராண்டுக்குள் அத்தனையும் விற்றுப்போயின. 1980களில் இது பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்று அங்கேயும் பெற்றோர் சிலர் பயந்தார்கள். என் தங்கையின் பயம் புதிதல்ல.

இதற்குரிய பகடைகளைப் பார்த்தால் நமக்கு வேடிக்கையாக இருக்கும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். பரமபதப் பகடைக்கு ஆறு பக்கம். இவர்களுக்கோ நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று ஆறு வகை. பகடைக்குத் தட்டுப்பாடு வந்த ஒரு சமயம் பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைச் சீட்டுகளை வைத்து, ஒரு கோப்பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்றிருக்கிறார்கள். புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயம் ஆடிய நமக்கு இது புரியாதா?

இரண்டு வெள்ளிக்குப் போனவை

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கீழே கராங் கூனிக்காரரின் ஊதுகுழல் சத்தம் கேட்டது. பழைய தாள், பழைய துணி, பழைய வானொலி என்று வீடு வீடாக வாங்கிப் போகிறவர். மலாய்மொழியில் 'காரோங் கூனி' என்றால் கோணிச் சாக்கு. கோணியில் கட்டித் தூக்கிப் போன காலத்தில் வந்த பெயர். நம் கோணியும் அவர்களுடைய கூனியும் உறவுக்காரச் சொற்கள்தாம். இப்போது அவர் தள்ளுவண்டியோடு வருகிறார்.

இரண்டு பெட்டிகளை நான்தான் மின்தூக்கியில் வைத்துக் கீழே கொண்டுபோனேன். எடை போட்டார். தாள் கனத்திற்கு இரண்டு வெள்ளி கொடுத்தார். மற்ற இரண்டு பெட்டிகளில் பிளாஸ்டிக் பொம்மைகளும் பகடைகளும் இருந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வேண்டாம் என்றது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மருமகன் வந்தான். காலியான இடத்தைப் பார்த்தான். கோபித்துக்கொள்ளவில்லை. "புத்தகம் போனா பரவாயில்லை மாமா, அது கடையில கிடைக்கும். நோட்டுங்க எங்க?" என்று கேட்டான்.

மூன்று பள்ளிக்கூட நோட்டுகள். எட்டு வரைதாள்களை ஒட்டிப் போட்ட வரைபடம் ஒன்று. உயர்நிலைப் பள்ளியில் படித்த நான்கு வருஷமும் நண்பர்களுக்குக் கதை நடத்தியவன் அவன்தான். அந்தக் கதை நடந்த தீவு முழுவதும் அவனே கற்பனை செய்து எழுதியது. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலம். அந்தப் பாலத்தைக் காப்பவள் தலையில் விளக்குக் கட்டிய ஒரு கிழவி, கையில் பால் வெட்டும் கத்தி. விடியுமுன் மூன்று கேள்வி கேட்பாள். சரியாகப் பதில் சொன்னால்தான் விடுவாள்.

"அந்த நோட்டுல பாட்டி இருந்தாங்க மாமா" என்றான்.

அவன் பாட்டி என் தாய். முப்பது வருஷம் மரம் வெட்டியவர். அவர் தவறியபோது இவனுக்குப் பதின்மூன்று வயது. லயத்து வீட்டுத் திண்ணையில் அவனை உட்கார வைத்து அவர் போட்ட விடுகதைகளைத்தான் அவன் மூன்று கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறான். எனக்கே மறந்துபோன விடுகதைகள். அவற்றை எடைக்குப் போட்டு இரண்டு வெள்ளி வாங்கியவன் நான்.

அன்று மாலையே அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தோம். சரக்கு முந்தின நாளே லாரியில் போய்விட்டது என்றார். முன்பெல்லாம் சிங்கப்பூரில் பொருள் தொலைந்தால் சுங்கை ரோட்டுத் திருடர் சந்தையில் போய்த் தேடு என்று கேலியாகச் சொல்வார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், 1930களில் தொடங்கிய பழம்பொருள் சந்தை அது. அதுவும் 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. தேடுவதற்கும் இடமில்லை.

முதலில் பிரியுங்கள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீதி இரண்டு பெட்டிகளை அவனை வைத்துக்கொண்டே பிரித்தோம். அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். விளையாட்டுச் சாமானுக்கு மட்டுமில்லை, தையல் பெட்டிக்கும் பழைய பாடப்புத்தகத்துக்கும் இதே முறை உதவும்.

தரையில் ஒரு பாயை விரித்துச் சாமான்களை நான்கு குவியலாகப் போடுங்கள்.

முதல் குவியல், கையால் எழுதியவை, வரைந்தவை, வண்ணம் தீட்டியவை. இவை உலகத்தில் ஒரே பிரதிதான். உரியவரின் வாயால் 'வேண்டாம்' என்று கேட்கும்வரை தொடக்கூடாது. இடமில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். அரை மணி நேர வேலை. அந்த அரை மணியை நான் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.

இரண்டாவது, அச்சிட்ட புத்தகங்கள். ஈரக்காற்று நிறைந்த நம் ஊர்களில் அடைத்த பெட்டிக்குள் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் வரும். ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்ததைத் தனியே எடுத்து விடுங்கள். நல்ல புத்தகத்தோடு சேர்த்து வைத்தால் அதற்கும் பரவும்.

மூன்றாவது, பகடை, பொம்மை, அட்டை முதலான உதிரிகள். எண்ணிப் பார்த்து ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். 'இருபது பக்கப் பகடை ஒன்று குறைகிறது' என்று உண்மையை எழுதினால் வாங்குகிறவர் கோபிக்கமாட்டார். எழுதாமல் கொடுத்தால்தான் கோபிப்பார்.

நான்காவது, உடைந்தது, கிழிந்தது, யாருக்கும் உதவாதது. இந்தக் குவியல் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

எது யாருக்கு?

இந்த மாதிரி விளையாட்டுச் சாமானுக்கு மிகவும் பொருத்தமான கை, இன்னொரு விளையாட்டுக்காரனின் கைதான். பிள்ளையின் பழைய நண்பர்களை முதலில் கேளுங்கள். அடுத்து கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் மன்றங்கள். மேசை விளையாட்டுகளுக்கென்றே நடத்தப்படும் கடைகளிலும் விசாரிக்கலாம். விற்க நினைத்தால், 2012இல் சிங்கப்பூரிலேயே தொடங்கிய 'கரோசல்' போன்ற கைப்பேசிச் சந்தைகள் இருக்கின்றன. விலை போடுமுன் அதே பொருள் மற்றவர்களிடம் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழையது என்றால் தங்கம் என்று ஆசைப்பட வேண்டாம். நான் மேலே சொன்ன 1974ஆம் வருஷத்து முதல் 1,000 பெட்டிகள் இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. 1983இல் வந்த சிவப்புப் பெட்டி அப்படியல்ல. அதை ஏராளமாக அச்சிட்டார்கள். தாளின் வயதைவிட, எத்தனை பிரதி அச்சிட்டார்கள், எத்தனை முழுமையாகத் தப்பியிருக்கின்றன என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பதிப்பு எண்ணையும் வருஷத்தையும் பாருங்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2024இல் அதன் விதிநூல்களைத் திருத்தி வெளியிட்டார்கள். புதிய பதிப்பு வந்தால் பழையது செல்லாது என்றும் எண்ண வேண்டாம். பழைய விதிப்படியே ஆடுகிறவர்கள் நிறையப் பேர்.

தர்மத்துக்குக் கொடுப்பதென்றால் இரட்சணிய சேனை போன்ற அமைப்புகள் பழம்பொருள் கடைகள் நடத்துகின்றன. ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பூட்டிய கதவுக்கு வெளியே இரவோடு இரவாகப் பெட்டியை வைத்துவிட்டு வருவது தர்மமாகாது. நம் குப்பையைச் சுமக்கும் செலவு அவர்கள் தலையில் விழும். ஏழைப் பிள்ளைக்குத்தானே என்று பாதி தொலைந்த விளையாட்டைக் கொடுப்பதும் அப்படித்தான். ஏழைப் பிள்ளைக்கும் எண்ணத் தெரியும்.

பொம்மையைக் கையில் கொடுக்குமுன்

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படியுங்கள். இந்த விளையாட்டுக்கு விரலளவு வீரர்களும் பூதங்களும் உண்டு. இப்போது வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆனால் 1990களின் தொடக்கம் வரை வந்த உலோகப் பொம்மைகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. கையில் வைத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். பழசானால் வெண்சாம்பல் நிறத்தில் பொடி படியும். அதை அரத்தால் ராவக்கூடாது, உருக்கவும் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறுவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதில் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இத்தகைய பொம்மைகளை விவரம் தெரிந்த பெரியவர்களான சேகரிப்பாளர்களுக்கு மட்டும், விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

ஈயமே இல்லாவிட்டாலும் பகடை தொண்டையில் சிக்கும் அளவுடையது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியில்தான் குப்பை

எல்லாம் போக மிஞ்சிய தாளும் அட்டையும் நீலத் தொட்டிக்குப் போகலாம். சிங்கப்பூரில் 2001இல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. அடுக்குமாடி புளோக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் தொட்டி உண்டு. அதில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு சாப்பாட்டு மிச்சமும் ஈரமும் வேண்டாத பொருளும் கலந்து கெட்டுப்போகிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லியிருக்கிறது. சம்பல் ஒழுகும் பொட்டலத்தை நீங்கள் அதில் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் போட்ட நல்ல தாளும் வீண்.

மற்ற குப்பையை எரித்து, சாம்பலைச் செமாக்காவ் தீவுக்குப் படகில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். 1999இல் திறந்த இடம். 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கே கொட்டுவது? சின்னஞ்சிறு தீவில் இது பெரிய கேள்வி.

'வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும்' என்று நடைபாதையில் பெட்டியை வைப்பதும் தவறு. தீப்பிடித்தால் வழி வேண்டும் என்பதற்காக 1.2 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படை விதித்திருக்கிறது. தோட்டத்து வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். லயத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது உங்கள் பிள்ளைதான்.

எங்கள் வகுப்பறையில்

ஞாயிறு மாலை நான் புறப்படும்போது மருமகன் ஒரு பையைக் கையில் கொடுத்தான். ஆறு செட் பகடை. "இது உங்க பிள்ளைங்களுக்கு மாமா" என்றான். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பள்ளியில் இருபது பக்கப் பகடை இரண்டை உருட்டித்தான் வாய்ப்பாடு சொல்கிறோம். ஆறு பக்கப் பகடை இரண்டைப் போட்டால் 36 விதமாக விழலாம். கூட்டுத்தொகை ஏழு வர ஆறு வழி, பன்னிரண்டு வர ஒரே வழி என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக் கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கதை. வாயைத் திறக்காத ஒரு பெண்பிள்ளை, பாலத்துக் கிழவி முன்னால் நிற்கும்போது மட்டும் கணீரென்று பேசுகிறாள்.

கிழவி கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் என்னிடம் இல்லையே! மருமகனுக்கு ஒன்று நினைவிருந்தது. அவனுடைய நண்பன் ஒருவன் இன்னொன்றைச் சொன்னான். மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் மிச்சமிருக்கும் பெரியவர்களைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேறு விடுகதைகள் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. என் தாய் போட்டது மட்டும் அதில் இல்லை.

வாசகர்களே, வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டாயம் செய்யுங்கள். வேண்டாததை வைத்துக்கொண்டு பூச்சிக்குப் பந்தி போட வேண்டியதில்லை. ஆனால் பெட்டியைத் தூக்குமுன் அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, பாயில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் எதையும் போட விடமாட்டான் என்று பயப்பட வேண்டாம். என் மருமகனைக் கேட்டபோது நான்கில் மூன்று பங்கை அவனே வேண்டாம் என்று எடுத்து வைத்தான். மீதி ஒரு பங்குக்கு ஒரு சின்னப் பெட்டி போதுமானதாக இருந்தது. அது இப்போது அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெரியம்மாவின் சக்கர நாற்காலிக்கு அது ஓர் இடைஞ்சலாகவே இல்லை.